மேசையில் செய்த பிழை குழலில் வெடிக்கும்

அத்தியாயம் 6: வீட்டில் தோட்டா நிரப்புவோருக்கான பாதுகாப்புப் பாடங்கள்

சுட்டு முடித்த தோட்டாவின் பித்தளைக் கூட்டை வீணாக்காமல், பழைய ப்ரைமரை (அடிபட்டதும் மருந்தைப் பற்றவைக்கும் சிறு கிண்ணத்தை) எடுத்துவிட்டு, புது ப்ரைமரும் மருந்தும் குண்டும் வைத்து மறுபடியும் தோட்டாவாக்குவதற்கு ரீலோடிங் என்று பெயர். அமெரிக்காவில் குறிபார்த்துச் சுடும் விளையாட்டில் இருப்பவர்களும் வேட்டைக்காரர்களும் தலைமுறை தலைமுறையாக இதை வீட்டு கராஜில் செய்துவருகிறார்கள். செலவு குறையும், தன் துப்பாக்கிக்குத் தோதான தோட்டா கிடைக்கும், கடையில் சரக்கு இல்லாத காலத்தில் கைகொடுக்கும். பிரஸ், டை, தராசு ஆகியவற்றையும் வேலையின் வரிசையையும் முந்தைய அத்தியாயங்களில் பார்த்துவிட்டோம். இந்த அத்தியாயம் முழுக்கப் பாதுகாப்பைப் பற்றியது.

முதலில் சட்டம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பிக்கொள்ள மத்திய அரசின் உரிமம் தேவையில்லை. விற்பதற்காகச் செய்தால் 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி 6ஆம் வகை உரிமம் வாங்கியாக வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் கூடுதல் விதிகள் உண்டு. இந்தியாவில் கதையே வேறு. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். சட்டம் இடம் கொடுக்கும் ஊரில் இருப்பவர்களுக்கு மட்டுமே இந்த நூல்.

அடுத்து, எதோடு விளையாடுகிறோம் என்பது தெரிய வேண்டும். கார் டயரில் நாம் அடைக்கும் காற்றின் அழுத்தம் 32, 35 பிஎஸ்ஐ அளவில் இருக்கும். 9 மி.மீ. கைத்துப்பாக்கித் தோட்டாவுக்கு அமெரிக்க உற்பத்தியாளர்களின் தர அமைப்பான எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. வகுத்துள்ள உச்ச அழுத்தம் 35,000 பிஎஸ்ஐ. .308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கு 62,000. இது முகத்துக்கு முன்னால், கைக்குள், கண்ணிமைக்கும் நேரத்துக்குள் எழுந்து அடங்குகிறது. துப்பாக்கியின் எஃகு அந்த எல்லைக்கு உட்பட்டதைத் தாங்கும். எல்லை தாண்டினால் எங்கே பிளக்கும், எந்தப் பக்கம் தெறிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

விதிகள் தெரிந்தவருக்கும் விபத்து நேர்கிறது என்பதுதான் இந்தத் துறையின் முதல் பாடம். தொலைபேசி அடிக்கிறது, பிள்ளை கூப்பிடுகிறது, பிரஸ் சிக்கிக்கொள்கிறது. திரும்பி வந்து உட்காரும்போது எந்தக் கூட்டில் மருந்து போட்டோம், எதில் போடவில்லை என்பது நினைவில் இல்லை. "கவனமாக இருங்கள்" என்ற அறிவுரை இங்கே போதாது. கவனம் என்றாவது தவறும் என்று முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, தவறினாலும் அது உடனே கண்ணில் படும்படி மேசையையும் வேலையையும் அமைக்க வேண்டும். கீழே வரும் ஒவ்வொரு விதியும் இந்த ஒரே நோக்கத்துக்காகத்தான்.

1. இரட்டை மருந்து

ஒரே கூட்டில் இரண்டு முறை மருந்து விழுவதுதான் கைத்துப்பாக்கித் தோட்டா நிரப்புவதில் மிகவும் அஞ்சப்படும் தவறு. .38 ஸ்பெஷல் இதற்கு நல்ல உதாரணம். 1890களின் இறுதியில் கருமருந்துக்காக உருவான தோட்டா அது. கருமருந்து நிறைய இடம் பிடிக்கும் என்பதால் கூட்டை நீளமாகச் செய்தார்கள். இன்றைய புகையற்ற மருந்து அதில் சிறு அளவே தேவை. புல்ஸ்ஐ போன்ற வேகமாக எரியும் மருந்தைப் போட்டால் கூட்டின் அடியில் ஒரு மெல்லிய படலமாகத்தான் தெரியும். இரண்டு பங்கு விழுந்தாலும் கூடு வழியாது. குண்டை வைத்து அழுத்திவிட்டால் வெளியிலிருந்து பார்த்துக் கண்டுபிடிக்க வழியே இல்லை. எடை போட்டுக் கண்டுபிடிக்கலாம் என்பதும் வீண் நம்பிக்கை. கூடுகளுக்கு இடையே, குண்டுகளுக்கு இடையே உள்ள எடை வித்தியாசமே அந்தச் சிறிய மருந்தளவை மூடி மறைத்துவிடும்.

ஒற்றை நிலை பிரஸில் வேலை செய்பவர்கள் மருந்து போட்ட கூடுகளைத் துளைப் பலகையில் வரிசையாக நிறுத்துவார்கள். அந்தப் பலகைதான் உங்கள் முதல் காவல். ஐம்பது கூடுகளும் நிரம்பியதும், ஒரு குண்டைக்கூட வைப்பதற்கு முன், பலகையை நல்ல வெளிச்சத்தில் வைத்துச் சிறிய டார்ச்சை மேலிருந்து சாய்வாக அடித்துப் பாருங்கள். ஒவ்வொரு கூட்டின் உள்சுவரிலும் மருந்தின் மட்டம் ஒரு வட்டக் கோடாகத் தெரியும். அந்த வட்டம் எல்லாக் கூட்டிலும் ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒன்று மேலே ஏறியிருந்தால் இரட்டை. ஒன்றில் பித்தளையின் அடித்தரை பளபளவென்று தெரிந்தால் அது காலி. வரிசை வரிசையாகப் பாருங்கள். பிறகு பலகையைத் திருப்பி வைத்து இன்னொரு முறை பாருங்கள். சந்தேகம் தட்டினால் அந்தக் கூட்டின் மருந்தைத் தராசில் கொட்டி மறுபடி அளக்க வேண்டும்.

மருந்து போடாத கூடுகளைத் தலைகீழாகவும், போட்டவற்றை நிமிர்த்தியும் வைப்பது இன்னொரு நல்ல பழக்கம். எது முடிந்தது, எது முடியவில்லை என்பதை நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை, கூடே சொல்லிவிடும்.

கைப்பிடியை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டா முடிந்து விழும் புரோக்ரெசிவ் பிரஸில் ஆபத்து வேறு விதம். எல்லாம் சீராக ஓடும்வரை பிரச்சினை இல்லை. ஏதோ ஒன்று சிக்கி, தட்டை முன்னும் பின்னும் திருப்பும்போதுதான் ஒரே கூடு மருந்துக்குழாயின் கீழ் இரண்டு முறை போய் நிற்கும். அதனால் சிக்கல் வந்தால் ஒரே விதி: தட்டில் உள்ள எல்லாக் கூடுகளையும் வெளியே எடுத்து, மருந்தைக் குடுவைக்குத் திருப்பி, முதலிலிருந்து தொடங்குங்கள். மருந்து கூடினாலோ குறைந்தாலோ பிரஸை நிறுத்தும் அல்லது எச்சரிக்கும் டைகளை ஆர்.சி.பி.எஸ்., ஹார்னடி, டில்லன் போன்ற நிறுவனங்கள் விற்கின்றன. வாங்கி மாட்டுங்கள். ஆனால் கண்ணால் பார்ப்பதை நிறுத்தாதீர்கள்.

இடம் அடைக்கும் மருந்தைத் தேர்ந்தெடுப்பதும் ஒரு பாதுகாப்பே. ஒரு பங்கிலேயே கூடு பாதிக்கு மேல் நிரம்பினால் இரண்டாவது பங்கு வழிந்து மேசையில் கொட்டும். தவறு தன்னைத்தானே காட்டிக்கொடுத்துவிடும். பழைய, பெரிய கூடுகளில் மென்மையாகச் சுடுவதற்காகவே ட்ரெய்ல் பாஸ் என்ற மருந்தை நடுவில் ஓட்டையுள்ள வட்ட வில்லைகளாக, பருமனாகச் செய்தார்கள்.

2. மருந்தே இல்லாத தோட்டா

மருந்து இல்லாமல் ப்ரைமர் மட்டும் வெடித்தாலும் குண்டு நகரும். பெரும்பாலும் குழலின் நடுவே போய்ச் சிக்கி நிற்கும். ஆங்கிலத்தில் இதை ஸ்குவிப் என்பார்கள். சிக்கிய குண்டு தனியாக யாரையும் காயப்படுத்தாது. அதற்குப் பின்னால் சுடும் இரண்டாவது தோட்டாதான் குழலை வீங்க வைக்கும், கிழிக்கும்.

அடையாளங்கள் தெளிவானவை. வழக்கமான "டமார்" இருக்காது. "பொத்" என்று ஒரு மந்தமான சத்தம் வரும். கையில் உதை குறைவு. தானியங்கித் துப்பாக்கியில் ஸ்லைடு முழுதாகப் பின்னால் போகாது. இலக்கில் புதிய ஓட்டை விழாது. இவற்றில் ஒன்று நடந்தாலும் உடனே நிறுத்துங்கள். துப்பாக்கியைக் காலி செய்து, சேம்பரையும் மேகசினையும் சரிபார்த்து, குழலுக்குள் ஒரு கம்பியை விட்டு இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வருகிறதா என்று பாருங்கள். போட்டிகளில் இந்தச் சத்தம் கேட்டதும் நடுவர் சுடுபவரை நிறுத்துவது அதற்காகத்தான். நேரமும் மதிப்பெண்ணும் போனால் போகட்டும்.

குதிரையை இழுத்ததும் எதுவுமே நடக்கவில்லை என்றால் வேறு விதி. குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடி குறைந்தது 30 விநாடி காத்திருங்கள். தாமதமாகப் பற்றும் தோட்டாக்கள் உண்டு. சேம்பரைத் திறந்த கணத்தில் அது பற்றினால் பித்தளைத் துண்டுகள் முகத்துக்குத்தான் வரும்.

3. தராசு

மருந்தை அளப்பது கிரெயின் என்ற அலகில். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின்; ஒரு கிரெயின் ஏறக்குறைய 65 மில்லிகிராம். கைத்துப்பாக்கித் தோட்டாவில் அரை கிரெயின் கூடினாலும் எல்லை தாண்டிப் போகக்கூடும்.

கோல் தராசில் பெரிய எடைநகர்த்தி 5 அல்லது 10 கிரெயின் பள்ளங்களில் உட்காரும். ஒரு பள்ளம் தள்ளி உட்கார்ந்துவிட்டால் அளவு முழுவதும் தவறு. அதற்குப் பிறகு நூறு கூடுகளை எவ்வளவு துல்லியமாக அளந்தாலும் அத்தனையும் தவறு. மின்னணுத் தராசுக்கு வேறு நோய்: பேட்டரி இறங்கினால், மின்விசிறிக் காற்று பட்டால், சூடேறுவதற்குள் வேலையைத் தொடங்கினால், பக்கத்தில் கைபேசி இருந்தால் எண் மெல்ல நகரும்.

இரண்டுக்கும் தீர்வு ஒன்றே. எடை தெரிந்த சோதனைக் கற்கள் கடையில் கிடைக்கும். வேலை தொடங்கும்போதும், நடுவிலும், முடிக்கும்போதும் கல்லை வைத்துப் பாருங்கள். நீங்கள் போடப்போகும் அளவுக்கு நெருக்கமான எடையுள்ள கல்லாக இருக்கட்டும். 100 கிரெயினில் சரியாகக் காட்டும் தராசு 4 கிரெயினில் பொய் சொல்லலாம். மருந்துக் குடுவை கன அளவில் போடுவதால், ஒவ்வொரு பத்தாவது கூட்டையும் தராசில் போட்டுப் பார்ப்பதை வழக்கமாக்குங்கள்.

4. மேசையில் ஒரே டப்பா

ஒரே நேரத்தில் மேசையில் ஒரு மருந்து டப்பாவுக்கு மேல் இருக்கக்கூடாது. மற்றவை அலமாரியில், பூட்டில். இந்த விதிக்கு விதிவிலக்கே இல்லை.

புகையற்ற மருந்துகள் பெரும்பாலும் சாம்பல் நிறத்தில் இருக்கும். தட்டையான செதில், உருண்டை, சிறு குச்சி என்று மூன்று வடிவங்கள். அலையன்ட் நிறுவனத்தின் ரெட் டாட்டில் சிவப்புச் செதில்களும் கிரீன் டாட்டில் பச்சைச் செதில்களும் கலந்திருக்கும். இப்படிச் சிலவற்றுக்கு மட்டுமே அடையாளம் உண்டு. மற்றவற்றைக் கண்ணால் பார்த்துப் பெயர் சொல்லவே முடியாது. எனவே குடுவையில் நேற்றே விட்டு வைத்த மருந்து எது என்று சந்தேகம் வந்தால், அது எதுவும் இல்லை: குப்பை. வேலை முடிந்த அன்றே குடுவையில் மிச்சமிருப்பதை அதே டப்பாவில் கொட்டி மூடுங்கள். குடுவையின் மேல் மருந்தின் பெயர் எழுதிய ஒரு சீட்டை ஒட்டி வையுங்கள். டப்பா அலமாரிக்குப் போகும்போது சீட்டும் கிழிய வேண்டும்.

பெயரிலும் பொறி இருக்கிறது. ஹாட்ஜ்டன் விற்கும் எச்4350, ஐஎம்ஆர் 4350 இரண்டும் வெவ்வேறு மருந்துகள். 4895க்கும் 4831க்கும் இதே கதைதான். எண் ஒன்றாக இருப்பதைப் பார்த்து ஒன்றின் அளவை மற்றொன்றுக்குப் போட்டவர்கள் எல்லை தாண்டிப் போகிறார்கள். மறுபக்கம், எச்110, வின்செஸ்டர் 296 இரண்டும் வேறு பெயரில் விற்கும் ஒரே மருந்து. இதையெல்லாம் ஊகித்து அறியக்கூடாது. டப்பாவில் உள்ள முழுப்பெயரும் கையேட்டில் உள்ள முழுப்பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும்.

5. கையேட்டை எப்படி வாசிப்பது

மருந்தளவைச் சொல்லும் உரிமை மருந்து தயாரிப்பாளருக்கும் குண்டு தயாரிப்பாளருக்கும், லைமன் போன்ற பரிசோதனை செய்து வெளியிடும் கையேடுகளுக்கும் மட்டுமே உண்டு. நண்பர் சொன்னது, சுடுதளத்தில் கேட்டது, பழைய பெட்டியில் எழுதியிருந்தது ஆகியவை அளவு ஆகாது. குறைந்தது இரண்டு அச்சிட்ட ஆதாரங்களை ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

கையேட்டில் தொடக்க அளவு, உச்ச அளவு என்று இரண்டு இருக்கும். தொடக்க அளவு தராத இடத்தில் உச்ச அளவிலிருந்து 10 சதவீதம் குறைத்துத் தொடங்குவது பொதுவான வழக்கம். ஆனால் குறைத்தாலே பாதுகாப்பு என்று நினைத்துவிடாதீர்கள். எச்110 போன்ற மருந்துகளைக் கையேடு சொல்வதற்குக் கீழே குறைக்கக் கூடாதென்று தயாரிப்பாளரே எச்சரிக்கிறார். அளவு குறைந்தால் தீ சரியாகப் பற்றாமல் குண்டு குழலிலேயே நின்றுவிடலாம். தொடக்க அளவு கீழ் எல்லை. உச்ச அளவு மேல் எல்லை. இரண்டுக்கும் நடுவேதான் நமக்கு இடம்.

குண்டின் எடை ஒன்றானால் அளவும் ஒன்று என்று நினைப்பதும் தவறு. ஈயக் குண்டு, செம்புறையிட்ட குண்டு, முழுச் செம்புக் குண்டு ஆகியவை ஒரே எடையிலும் வெவ்வேறு நீளத்தில் இருக்கும். செம்பு ஈயத்தைவிட எடை குறைந்த உலோகம் என்பதால் முழுச் செம்புக் குண்டு நீளம், கூட்டுக்குள் ஆழமாகப் போகும், அழுத்தம் ஏறும்.

துப்பாக்கியையும் பாருங்கள். .45-70 தோட்டாவுக்குப் பல கையேடுகள் மூன்று தனித்தனிப் பட்டியல் தருகின்றன: 1873ஆம் ஆண்டு வகை ட்ராப்டோர் ஸ்ப்ரிங்ஃபீல்டுக்கு ஒன்று, மார்லின் லீவர் ரைஃபிளுக்கு ஒன்று, உறுதியான ரூகர் ரைஃபிள்களுக்கு ஒன்று. தோட்டாவின் உருவம் ஒன்றே. ரூகர் பட்டியலில் நிரப்பியதைப் பழைய ட்ராப்டோரில் போட்டால் அந்தத் துப்பாக்கி தாங்காது. பக்கத்தின் தலைப்பை வாசிக்காமல் எண்ணை மட்டும் எடுப்பவர்களுக்கு இதுதான் நேரும்.

தட்டையான ப்ரைமர், துளை விழுந்த ப்ரைமர், போல்ட்டைத் திறக்கக் கஷ்டம், கூட்டின் அடியில் பளபளப்பான தழும்பு: இவை அழுத்தம் மிஞ்சியதற்கான அடையாளங்கள். பார்த்ததும் நிறுத்துங்கள். ஆனால் இவை தெரியவில்லை என்பதால் எல்லாம் நலம் என்று அர்த்தமில்லை. குறைந்த அழுத்தத்துக்கான கைத்துப்பாக்கித் தோட்டாக்களில், எல்லை தாண்டிய பிறகும் எந்த அடையாளமும் தெரியாமல் இருக்கலாம்.

6. குண்டு உட்காரும் ஆழம்

9 மி.மீ. போன்ற சிறிய கூட்டில் மருந்துக்கு உள்ள இடம் மிகக் குறைவு. குண்டு அரை மில்லிமீட்டர் ஆழமாகப் போனாலே அந்த இடம் குறுகி அழுத்தம் செங்குத்தாக ஏறும். கையேட்டில் மருந்தளவுக்குப் பக்கத்திலேயே தோட்டாவின் மொத்த நீளத்தைக் கொடுத்திருப்பது அதனால்தான். காலிப்பர் கொண்டு முதல் தோட்டாவையும், பிறகு அவ்வப்போது ஒன்றையும் அளந்து பாருங்கள்.

சரியாக உட்கார்ந்த குண்டும் பின்னர் உள்ளே நழுவலாம். கூட்டின் கழுத்துப் பிடி தளர்வாக இருந்தால், துப்பாக்கி தோட்டாவைச் சேம்பருக்குள் தள்ளும்போது குண்டின் மூக்கு இடித்துப் பின்வாங்கும். முடித்த தோட்டாவின் குண்டைப் பெருவிரலால் மேசை விளிம்பில் வைத்து அழுத்திப் பாருங்கள், நகரவே கூடாது.

குண்டின் மூக்கின் வடிவமும் முக்கியம். .30-30 போன்ற குழாய் மேகசின் உள்ள லீவர் ரைஃபிளில் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்கும். கூர்மையான உலோக மூக்கு, முன்னே உள்ள தோட்டாவின் ப்ரைமரைத் தொட்டுக்கொண்டே இருக்கும். அத்தகைய துப்பாக்கிக்குத் தட்டை மூக்குக் குண்டு, அல்லது அதற்கென்றே செய்த மென்மையான மூக்குக் குண்டு மட்டுமே.

7. ப்ரைமர்

மருந்து பற்ற நெருப்பு வேண்டும்; ப்ரைமருக்கு ஓர் அடியே போதும். மேசையில் இருக்கும் பொருட்களில் மிகவும் கோபக்காரன் இதுதான். தயாரிப்பாளர் ஒவ்வொன்றையும் தனித்தனிக் குழியில் அடுக்கிக் கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது: ஒன்று வெடித்தாலும் மற்றது வெடிக்காமல் இருக்கத்தான். அவற்றைக் கண்ணாடிச் சீசாவிலோ டப்பாவிலோ மொத்தமாகக் கொட்டி வைத்தால் ஒன்று வெடித்தால் எல்லாம் சேர்ந்து வெடிக்கும். சீசாவின் சில்லுகள் அதற்கு மேல்.

ப்ரைமர் வைக்கும்போது பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் உட்காராதீர்கள். கைப்பிடி இறுகினால் பலம் கொடுக்காதீர்கள். ப்ரைமர் சாய்ந்திருக்கலாம், அல்லது ராணுவக் கூட்டில் இருப்பதுபோல் குழியின் விளிம்பு மடக்கப்பட்டிருக்கலாம். அந்த மடிப்பை முதலில் சீவி எடுக்க வேண்டும்.

வைத்து முடித்த ஒவ்வொரு கூட்டின் அடியிலும் விரல் நுனியால் தடவுங்கள். ப்ரைமர் பித்தளையோடு சமமாக, அல்லது ஒரு மயிரிழை தாழ்வாக இருக்க வேண்டும். விரலுக்கு மேடு தட்டினால் அது ஆபத்து. ரிவால்வரில் சிலிண்டர் சிக்கும். எம்1 கேரண்ட் போன்ற ரைஃபிள்களில் ஊசி தளர்வாக மிதந்துகொண்டிருக்கும். போல்ட் மூடும் வேகத்திலேயே ஊசி ப்ரைமரைத் தட்டும். மேடான ப்ரைமராக இருந்தால், குதிரையைத் தொடாமலே, போல்ட் முழுதாகப் பூட்டுவதற்குள் தோட்டா வெடிக்கலாம்.

அளவிலும் வகையிலும் கலக்காதீர்கள். சிறிய கைத்துப்பாக்கி ப்ரைமரும் சிறிய ரைஃபிள் ப்ரைமரும் ஒரே அளவு. ஆனால் கைத்துப்பாக்கி ப்ரைமரின் கிண்ணம் மென்மையானது. 55,000 பிஎஸ்ஐ வரை போகும் .223 தோட்டாவில் அதை வைத்தால் கிண்ணம் துளைபட்டு வாயு பின்னோக்கிப் பீறிடும்.

8. பித்தளைக்கும் ஆயுள் உண்டு

ஒவ்வொரு முறை சுடும்போதும் கூடு விரிகிறது. ஒவ்வொரு முறை டைக்குள் போகும்போதும் சுருங்குகிறது. ரைஃபிள் கூட்டில் பித்தளை மெல்ல முன்னோக்கி நீண்டு, அடிப்பாகத்துக்குச் சற்று மேலே உள்சுவர் மெலிகிறது. ஒருநாள் அந்த இடத்தில் கூடு இரண்டாகப் பிரிந்துவிடும். இந்தியக் காவல்துறை நெடுங்காலம் தாங்கிய .303 லீ-என்ஃபீல்டு ரைஃபிளின் சேம்பர்கள் போர்க்களச் சேற்றுக்கு இடம் விட்டுச் சற்றுத் தாராளமாகக் குடையப்பட்டவை. அவற்றில் கூடு சீக்கிரம் இப்படிக் கெடும்.

வெளியே பார்த்தால் அடிப்பாகத்துக்கு மேலே ஒரு பளபளப்பான வளையம் தெரியலாம். உள்ளே சோதிக்க ஒரு காகிதக் கிளிப் போதும். கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மிகச் சிறிய கொக்கியாக வளைத்துக்கொள்ளுங்கள். கூட்டின் வாய் வழியாக அடிவரை விட்டு, கொக்கியைச் சுவரோடு ஒட்டி மெதுவாக மேலே இழுங்கள். சுவர் வழவழவென்று இருந்தால் நல்லது. அடியிலிருந்து சற்று மேலே கொக்கி ஒரு பள்ளத்தில் "டக்" என்று தட்டினால் அந்தக் கூட்டைக் குறட்டால் நசுக்கிக் குப்பையில் போடுங்கள். நசுக்காமல் போட்டால் யாராவது மறுபடி எடுத்துவிடுவார்கள்.

நீண்ட கழுத்தையும் வெட்ட வேண்டும். கழுத்து எல்லையை மீறினால் சேம்பரின் முனையில் நெரிபட்டுக் குண்டை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், அழுத்தம் ஏறும். வாயில் விரிசல், ப்ரைமர் குழி தளர்வு, பக்கவாட்டுப் பிளவு ஆகியவற்றில் எது இருந்தாலும் அந்தக் கூட்டுக்கு வேலை முடிந்தது.

9. பெட்டியின் மேல் எழுதுங்கள்

.300 பிளாக்அவுட் என்பது .223 கூட்டைச் சுருக்கிப் பெரிய குண்டு வைத்தது. இரண்டுக்கும் ஒரே மேகசின், ஒரே போல்ட். .300 தோட்டா சில சமயம் .223 குழலின் சேம்பருக்குள் புகுந்துவிடும்; சுட்டால் பெரிய குண்டு சிறிய குழலில் நுழைய முடியாமல் துப்பாக்கி சிதறும். இரண்டையும் ஒரே நாளில் சுடுதளத்துக்குக் கொண்டுபோகாதீர்கள். மேகசின்களுக்கு வேறு நிறப் பட்டை ஒட்டுங்கள்.

ஒவ்வொரு பெட்டியிலும் தோட்டாவின் பெயர், குண்டின் எடையும் வகையும், மருந்தின் முழுப்பெயரும் அளவும், ப்ரைமர், மொத்த நீளம், கூடு எத்தனையாவது முறை நிரப்பப்பட்டது, தேதி ஆகியவற்றை எழுதுங்கள். சீட்டு இல்லாத பெட்டி யாருடையதாக இருந்தாலும் சுடக்கூடாது. அதே காரணத்தால் மற்றவர் நிரப்பிய தோட்டாவைச் சுடாதீர்கள். உங்களுடையதை மற்றவருக்குக் கொடுக்காதீர்கள்.

சந்தேகமான தோட்டாவைப் பிரிக்கச் சுத்தியல் போன்ற கருவி ஒன்று உண்டு. கண்ணாடி போட்டு, கருவியோடு வந்த பிடியையே பயன்படுத்துங்கள். விளிம்பிலேயே வெடிபொருள் உள்ள .22 போன்ற ரிம்ஃபையர் தோட்டாவை அதில் ஒருபோதும் வைக்காதீர்கள்.

10. ஈயமும் சேமிப்பும்

பெரும்பாலான ப்ரைமர்களில் லெட் ஸ்டிஃப்னேட் என்ற ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட கூடுகளை உலர்ந்த தூளில் உருட்டிச் சுத்தம் செய்யும்போது அந்த ஈயம் தூசியாகக் கிளம்பும். கூடுகளைத் தண்ணீரில் போட்டு உருட்டுவது மேல். உலர்ந்த முறையானால் வீட்டுக்கு வெளியே, முகமூடியோடு. மேசையில் சாப்பாடு, காபி, சிகரெட் எதுவும் வேண்டாம். சமையலறைச் சல்லடையையும் தொட்டியையும் தொடாதீர்கள். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவி, உடை மாற்றிய பிறகே பிள்ளையைத் தூக்குங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2021இல் குழந்தைகளின் ரத்த ஈய அளவுக்கான எச்சரிக்கைக் கோட்டை டெசிலிட்டருக்கு 3.5 மைக்ரோகிராமாகக் குறைத்தது. வீட்டில் குழந்தை இருந்தால் அந்தப் பரிசோதனையை மருத்துவரிடம் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கத்தின் 495ஆம் எண் விதித்தொகுப்பு, வீட்டில் 20 பவுண்டு வரை புகையற்ற மருந்தை அதன் சொந்த டப்பாவிலேயே வைக்க இடம் கொடுக்கிறது. அதற்கு மேல் 50 பவுண்டு வரை ஓர் அங்குலத் தடிமனுள்ள மரப்பெட்டியில் வைக்க வேண்டும். ப்ரைமர் 10,000 வரை. உங்கள் ஊர் விதி இதைவிடக் கடுமையாக இருந்தால் ஊர் விதிதான் செல்லும். மருந்தைக் காற்றுப் புகாத இரும்புப் பெட்டிக்குள் பூட்டாதீர்கள். திறந்த வெளியில் வேகமாக எரிந்துபோகும் பொருள், அடைபட்ட இடத்தில் வெடிகுண்டாகிவிடும். டப்பாவைத் திறந்தால் காரமான புளிப்பு நெடியும் செந்நிறத் தூசியும் தெரிந்தால் மருந்து கெட்டுவிட்டது. தயாரிப்பாளர் சொல்லும் முறையில் உடனே அப்புறப்படுத்துங்கள். சிந்திய மருந்தைத் துடைப்பத்தால் கூட்டி எடுங்கள். வாக்குவம் கிளீனரின் மோட்டார் பொறி போதும், தீப்பற்ற.

வேலை தொடங்கும் முன்

- கதவு மூடியிருக்கிறது, கைபேசி வெளியே, தொலைக்காட்சி அணைந்திருக்கிறது, மது அருந்தவில்லை, தூக்கக் கலக்கம் இல்லை.
- கண்ணாடி முகத்தில் இருக்கிறது.
- மேசையில் ஒரே மருந்து, ஒரே வகை ப்ரைமர், ஒரே வகைக் குண்டு.
- கையேடு திறந்திருக்கிறது, முழுப்பெயர் பொருந்துகிறது.
- தராசைச் சோதனைக் கல்லால் பார்த்தாயிற்று.
- நடுவில் எழ நேர்ந்தால், கையில் உள்ள கூட்டின் மருந்தைக் கொட்டிவிட்டே எழுவேன். திரும்பி வந்து பலகை முழுவதையும் டார்ச் அடித்துப் பார்ப்பேன்.

பதறாத காரியம் சிதறாது என்பது நம் பழமொழி. இந்த வேலையில் சிதறுவது துப்பாக்கியும் கண்ணும் விரலும். ஒரு தோட்டாவின் மேல் சந்தேகம் வந்தால், அது எந்த நிலையில் இருந்தாலும் பிரித்துவிடுங்கள். ஐம்பதில் எது என்று தெரியவில்லை என்றால் ஐம்பதையும் பிரியுங்கள். அதற்காகும் ஒரு மாலைப் பொழுதும் சில டாலர்களும் உங்களுக்கும் பக்கத்தில் நின்று சுடுபவருக்கும் நீங்கள் செய்யும் கடமை. சந்தேகத்தோடு ஒரு தோட்டாவைக்கூடச் சுடுதளத்துக்கு எடுத்துச் செல்லாதீர்கள்.